நாற்பது பேர் முப்பது பேரிடம் தோற்றது எப்படி?

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு கணக்கு. ஒரு பக்கம் 40 வில்வீரர்கள். மறுபக்கம் 30 வில்வீரர்கள். வில் ஒரே மாதிரி, திறமையும் ஒரே மாதிரி. வெல்வது யார்?

40 பேர்தான் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் ஒரு மழைக்கால இரவில், நாகர்கோவிலில் என் வீட்டு மேசைமேல் இருக்கும் கணிப்பொறியில், என்னுடைய 40 பேரும் மாண்டுபோனார்கள். எதிரியின் ஆட்களில் பாதிக்கு மேல் உயிரோடு நின்றார்கள். எதிரி வேறு யாருமல்ல, அந்தக் கணிப்பொறியேதான்!

நான் விளையாட்டுகளை உருவாக்கும் நிபுணன் அல்ல. ஓய்வு நேரத்தில் ஆடும் பொழுதுபோக்குக்காரன். எனக்குப் பிடித்தது 1999-இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற போர்த்தந்திர விளையாட்டு. உணவு, மரம், பொன், கல் ஆகிய நான்கையும் சேர்க்க வேண்டும். வீடு கட்ட வேண்டும். படை திரட்ட வேண்டும். 2022-இல் வந்த இதன் புதிய பகுதியில் திராவிடர் என்ற பிரிவும், இராசேந்திர சோழனின் படையெடுப்பும் இடம்பெற்றன. அந்தப் பிரிவில் மீன்பிடிப்பவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு என்பதைக் கண்டபோது, குளச்சல் பக்கம் பிறந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

சரி, நான் தோற்றது ஏன்? விடை தேடப் போய் மூன்று செய்திகளைக் கற்றுக்கொண்டேன்.

வழி தேடும் வித்தை

என் படைக்கும் எதிரிக்கும் நடுவே ஓர் ஆறு. அதைக் கடக்க ஒரே ஒரு குறுகிய துறைதான் இருந்தது. எதிரியின் கூடாரத்தைச் சுட்டிக்காட்டி, 'போங்கள்' என்று கட்டளையிட்டேன். 40 பேரும் ஆற்றைச் சுற்றி, துறையைத் தாமே கண்டுபிடித்துப் போனார்கள். கண்ணில்லாத கணிப்பொறி வழியை எப்படிக் கண்டது?

நிலம் முழுவதையும் கணிப்பொறி சிறு சிறு கட்டங்களாகப் பார்க்கிறது. டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. குளத்தில் கல்லை எறிந்தால் அலை எல்லாத் திசையிலும் பரவுகிறதல்லவா? அதுபோலப் புறப்பட்ட கட்டத்திலிருந்து எல்லாப் பக்கமும் தேடிக்கொண்டே போவது. வழி நிச்சயம் கிடைக்கும். ஆனால் வேண்டாத திசைகளிலும் தேடுவதால் நேரம் வீணாகும்.

1968-இல் ஹார்ட், நில்சன், ரபேல் என்ற மூவர், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் 'ஷேக்கி' என்ற எந்திர மனிதனை நடக்க வைக்க இதைத் திருத்தினார்கள். ஒவ்வொரு கட்டத்திற்கும் இரண்டு எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று, இதுவரை நடந்த தூரம். மற்றது, போய்ச்சேர இன்னும் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்ற உத்தேசம். கூட்டுத்தொகை எங்கே குறைவோ அந்தக் கட்டத்தை முதலில் ஆராய வேண்டும். இந்த முறைக்கு 'ஏ ஸ்டார்' என்று பெயர். போர்த்தந்திர விளையாட்டுகளில் ஆட்கள் நடப்பது பெரும்பாலும் இம்முறையாலோ இதன் வாரிசுகளாலோதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வழி கண்டுபிடித்தது ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாக! எல்லோருக்கும் கிடைத்தது அதே குறுகிய துறைதான். சேர்ந்து புறப்பட்ட 40 பேர், துறையைக் கடக்கும்போது பத்துப் பத்துப் பேராகப் பிரிந்துவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

லான்செஸ்டரின் கணக்கு

பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் மோட்டார் கார்கள் செய்தவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-இல், போர்க்களத்தைப் பற்றி ஒரு கணக்கை நூலாக வெளியிட்டார்.

40 பேரும் 30 பேரும் எதிரெதிரே நின்று எய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து அம்புக்கு ஒருவர் வீழ்கிறார். முதல் சுற்றில் 40 அம்புகளால் எதிரிகள் 4 பேர் விழுவார்கள்; 30 அம்புகளால் நம்மவர் 3 பேர் விழுவார்கள். மீதி 37-ம் 26-ம். வேறுபாடு 10 ஆக இருந்தது இப்போது 11 ஆகிவிட்டது! அடுத்த சுற்றில் இன்னும் கூடும். பலசாலி மேலும் மேலும் பலசாலி ஆகிறான்.

ஆகவே தொலைவிலிருந்து எய்யும் படையின் வலிமை ஆள் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றார் லான்செஸ்டர். ஆட்கள் இருமடங்கானால் அம்புகளும் இருமடங்கு. எதிரி வீழ்த்த வேண்டியவர்களும் இருமடங்கு. ஆக வலிமை நான்கு மடங்கு.

என் படை சேர்ந்து நின்றிருந்தால்: 40-இன் வர்க்கம் 1600, 30-இன் வர்க்கம் 900. வேறுபாடு 700. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 26. அதாவது என்னிடம் 26 பேர் மிஞ்சியிருப்பார்கள்.

நடந்ததோ வேறு. பத்துப் பேராக நான்கு முறை போனார்கள். பத்தின் வர்க்கம் 100. நான்கு முறைக்கு 400. எதிரியின் 900-இலிருந்து 400 போனால் 500. வர்க்கமூலம் ஏறத்தாழ 22. எதிரியிடம் 22 பேர் மீதி!

உண்மையான விளையாட்டில் கணக்கு இவ்வளவு துல்லியமாக இராது. மேடு பள்ளம், குறி தவறுதல் எல்லாம் உண்டு. ஆனால் நான் தோற்ற காரணம் விளங்கிவிட்டது. மறுநாள் நான் ஆற்றைக் கடக்கவில்லை. துறையின் இக்கரையில் படையைச் சேர்த்து நிறுத்தி, எதிரியைக் கடக்கவிட்டேன். வென்றேன்!

கணிப்பொறி சூழ்ச்சி செய்கிறதா?

எதிரியாக ஆடும் கணிப்பொறி நம்மைப்போல் யோசித்துத் திட்டமிடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். இவ்வகை விளையாட்டுகளில் பெரும்பாலும் அது சில விதிகளைத்தான் பின்பற்றும். 'உணவு 50 இருந்தால் ஓர் ஆளை உருவாக்கு', 'படை இத்தனை ஆனால் தாக்கு' என்பன போன்ற விதிகள். அன்று அது என்னைத் துறையில் மடக்கவில்லை. நானே போய் மாட்டிக்கொண்டேன்.

தானே கற்கும் கணிப்பொறிகளும் உண்டு. 2019-இல் 'ஆல்பாஸ்டார்' என்ற நிரல், 'ஸ்டார்கிராப்ட் 2' என்ற விளையாட்டில் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களின் தரத்தை எட்டியது. மனிதர் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தும், தன்னோடு தானே திரும்பத் திரும்ப ஆடியும் அது கற்றது.

ஆச்சியின் பாடம்

வென்ற பெருமையோடு ஊருக்குப் போனேன். திண்ணையில் ஆச்சி ஆடு புலி ஆட்டத்துக்குக் கோடு கிழித்து வைத்திருந்தார். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். நான் புலி, ஆச்சி ஆடு. அரை மணியில் என் மூன்று புலிகளும் நகர இடமின்றி அடைபட்டன. நான் வெட்டியது இரண்டே ஆடுகள்.

"ஆட்ட எண்ணாத மக்கா, வழிய எண்ணு" என்றார் ஆச்சி.

எத்தனை ஆடு வெட்டினோம் என்பதல்ல, அடுத்து நகர எத்தனை வழி மிச்சம் என்பதே கேள்வி. கணிப்பொறிக்கு இத்தகைய ஆட்டம் கற்பிப்பவர்களும் மீதமுள்ள நகர்வுகளை எண்ணும்படி நிரல் எழுதுவதுண்டு. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஆச்சிக்கு அது கைவந்த பாடம்.

ஆடு புலி ஆட்டத்தில் எல்லாக் காயும் இருவர் கண்ணிலும் படும். கணிப்பொறி விளையாட்டில் அப்படியல்ல. நம் ஆள் நிற்கும் இடத்தைச் சுற்றித்தான் தெரியும், மற்றது இருள். இருளுக்குள் 5 பேரா, 50 பேரா?

இந்த இருள் கற்பனையல்ல. நம் மாவட்டத்துக் குளச்சலில் 1741-இல் டச்சுக் கம்பெனியின் படையும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையும் மோதின. கடற்கரை மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாத்தி வரிசையாக நிற்க, தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்குத் துப்பாக்கி ஏந்திய படைபோல் தோன்றியது என்று ஊரில் இன்றும் கதை சொல்வார்கள். முற்றுகையின்போது குண்டு விழுந்து தீப்பிடித்து, டச்சுக்காரர்களின் அரிசி இருப்பு எரிந்துபோயிற்று என்பதும் அந்தப் போரின் வரலாற்றில் வருகிறது. சோறில்லாத படை சரணடைந்தது. விளையாட்டில் நான்கு பொருள்களில் உணவை முதலில் சேர்க்கச் சொல்வது சும்மா இல்லை!

அங்கே பிடிபட்ட தளபதி டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளித்தார். 1777-இல் மறைந்தார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. அதன் முன் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. என் 40 வில்வீரர்களும் மறுநாள் ஒரு பொத்தானை அழுத்தியதும் எழுந்து வந்தார்கள். குளச்சல் மணலில் விழுந்தவர்கள், எந்தப் பக்கத்தவரானாலும், எழவில்லை. விளையாட்டு கணக்கைக் கற்றுத் தரும். போரின் விலையைக் கற்றுத் தராது. அதற்கு வரலாற்றைத்தான் படிக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லையே என்று வருந்த வேண்டாம். கட்டத்தாளில் பத்துக்குப் பத்துக் கட்டம் வரையுங்கள். நடுவில் ஒரு குளத்தைக் கறுப்பாக்குங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, முதலில் அலைபோல் பரவும் முறையில் தேடுங்கள்; பிறகு இரண்டு எண்களைக் கூட்டும் முறையில் தேடுங்கள். எந்த முறையில் எத்தனை கட்டங்களை ஆராய நேர்ந்தது என்று எண்ணுங்கள். குளத்தின் வடிவத்தை மாற்றி மறுபடியும் பாருங்கள். எப்போது இரண்டாம் முறையின் ஆதாயம் குறைகிறது?

இன்னொரு கேள்வி: என் 40 பேர், இருபது இருபதாக இரண்டே முறை போயிருந்தால் முடிவு என்ன? கணக்கிட்டுப் பாருங்கள். விடை உங்களை வியப்பில் ஆழ்த்தும்!