மார்க்கு இல்லாத விளையாட்டு

சங்கீதம் பயில விரும்புவோர் ஸரளி வரிசையில் தொடங்கி வருஷக்கணக்காகச் சாதகம் செய்ய வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ஸ்வரமே அறியாத குழந்தையும் கையடக்கமான ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நாதத்தோடு விளையாடலாம் என்று காட்டினார் ஜப்பானியக் கலைஞர் டோஷியோ இவாய்.

க்யோட்டோ நகரத்து நிண்டெண்டோ கம்பெனியார் 2005-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், தங்களுடைய ‘டிஎஸ்’ என்னும் கைவிளையாட்டு யந்திரத்துக்காக அவருடைய ‘எலெக்ட்ரோபிளாங்க்டன்’ என்ற விளையாட்டை ஜப்பானில் வெளியிட்டனர். யந்திரத்தில் இரண்டு திரைகள். கீழ்த்திரை தொட்டால் உணரும். விளையாட்டிலோ பத்து வகைச் சிற்றுயிர்கள். ஒரு வகை, நீரிலிருந்து துள்ளி இலைகளில் மோதும். மோதுந்தோறும் ஒரு ஸ்வரம் பிறக்கும். இலையைச் சற்றே சாய்த்தால் மெட்டே மாறிவிடும். இன்னொரு வகை, நாம் இழுத்த கோட்டின் வழியே ஊர்ந்து இசைக்கும். மற்றொன்று நம் குரலையே வாங்கி, வேடிக்கையாக மாற்றித் திருப்பிச் சொல்லும்.

இதில் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. இசைத்ததைச் சேமித்து வைக்கவும் வழியில்லை. இதைப் பெருங்குறை என்றார் பலர். மார்க்குப் போட்டே காலங்கழிக்கும் உபாத்தியாயனாகிய எனக்கு இதுவே அதன் சிறப்பாகத் தோன்றுகிறது. “அபஸ்வரம்!” என்று ஒருமுறை அதட்டப்பட்ட பிள்ளை, பிறகு வகுப்பில் வாய் திறப்பதேயில்லை. இங்கே அதட்டுவார் எவருமில்லை. ஆகவே அடுத்த இலையையும் சாய்த்துப் பார்க்கத் துணிவு பிறக்கிறது. இது சாதகத்துக்கு ஈடாகாதுதான். ஆயினும், சாதகத்துக்கு முன்னே வேண்டிய ஆசையை அதட்டலால் உண்டாக்க முடியுமா?