தம்ளர் ஒலியும் இசையாகும்

சமையலறையில் உள்ள எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் மெல்லத் தட்டினால் ஓர் ஒலி எழுகிறது. அவ்வொலியைப் பதிவுசெய்து இருமடங்கு வேகத்தில் ஒலிக்கச் செய்தால், அது ஒரு ஸ்தாயி உயர்ந்து கேட்கும். பாதி வேகத்தில் ஒலிக்கச் செய்தால், ஒரு ஸ்தாயி தாழ்ந்து கேட்கும். இடைப்பட்ட வேகங்களில் இடைப்பட்ட சுரங்கள் பிறக்கும். இவ்வாறு பதிவுசெய்த ஒலியைச் சுரங்களாக்கி, விசைப்பலகையில் வாசிக்க உதவும் கருவியே சாம்ப்ளர். அதில் இடம்பெறும் ஒவ்வோர் ஒலித்துண்டும் ஒலிமாதிரி எனப்படும்.

கருவி வளர்ந்த கதை

1963ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் மெல்லோட்ரான் என்னும் கருவி உருவானது. அதன் ஒவ்வொரு விசைக்கும் ஒரு காந்த நாடா இருந்தது. விசையை அழுத்தினால் நாடாவில் பதிந்த ஒலி ஏறத்தாழ எட்டு நொடிகள் கேட்கும். 1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தோன்றிய ஃபேர்லைட் சி.எம்.ஐ. என்னும் கருவி, ஒலியைக் கணினி நினைவகத்தில் எண்களாகச் சேமித்தது. இவற்றை எல்லாராலும் வாங்க இயலவில்லை. 1996இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்னும் முறையை வெளியிட்டது. அதன்பின் இசைக்கருவிகள் செருகுநிரல்களாக, அதாவது இசையமைப்பு மென்பொருளுக்குள் பொருத்தத்தக்க சிறு மென்பொருள்களாக மாறின. இன்று பல சாம்ப்ளர்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எனவே கருவியைப் பெறுவது எளிதாகிவிட்டது. தக்கதைத் தேர்வதே கடினமாக உள்ளது.

தேர்வுக்கு நான்கு வினாக்கள்

முதலாவது, இக்கருவி நம் கணினியில் இயங்குமா? வி.எஸ்.டி. முறை விண்டோஸ், மேக் இரண்டிலும் உண்டு. மேக் கணினியின் காரேஜ்பேண்ட் மென்பொருளோ ஏ.யூ. வகைச் செருகுநிரலையே ஏற்கும். பழைய இலவசச் செருகுநிரல்கள் பல, 32 பிட் கணினிகளுக்காகச் செய்யப்பட்டவை. 2019இல் வெளியான மேக் இயங்குதளம் அவற்றை முற்றிலும் கைவிட்டது. ஆண்டுவிழாவுக்கென ஒரு மாணவி பல நாள் உழைத்து அமைத்த பாடல், கணினியை மாற்றியதும் ஒலிக்காமல் போனால் அவ்வுழைப்பு வீணாகும். ஆதலால் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வரும் கருவியையே தேர்தல் நன்று.

இரண்டாவது, ஒலிமாதிரிகள் எவ்வடிவில் உள்ளன? ஸ்ஃபோர்ட்சாண்டோ என்னும் இலவச சாம்ப்ளர் எஸ்.எஃப்.இசட். வடிவத்தைப் படிக்கிறது. எந்த விசைக்கு எந்தப் பதிவு என்பதை எளிய உரைக்கோப்பாக எழுதும் முறை இது. டீசன்ட் சாம்ப்ளர் என்னும் மற்றோர் இலவசக் கருவியிலும் இவ்வாறே சொந்த ஒலிகளைக் கொண்டு புதிய இசைக்கருவி அமைக்கலாம். காண்டாக்ட் பிளேயரும் இலவசமே. ஆயினும், கட்டணப் பதிப்புக்கென அமைந்த ஒலித்தொகுப்புகள் அதில் 15 நிமிடங்களே இயங்கும். கருவி இலவசமாக இருப்பினும், அதற்குள் பயன்படுத்தும் தொகுப்பு எப்போதும் அவ்வாறு இருப்பதில்லை என்பதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, நினைவகம் போதுமா? குறுந்தகட்டின் தரத்தில் ஒலி, நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. இருபுற ஒலியில் ஒரு நிமிடப் பதிவுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பைட்டுகள் தேவை. சாலமாண்டர் கிராண்ட் பியானோ என்னும் இலவசத் தொகுப்பில், மூன்று விசைக்கு ஒன்றாக 30 சுரங்கள் பதிவாகியுள்ளன. அவை ஒவ்வொன்றும் மெல்லிய தொடுதல் முதல் வலிய அழுத்தம் வரை 16 நிலைகளில் அமைந்துள்ளன. ஆக, 480 பதிவுகள். ஒவ்வொன்றையும் பத்து நொடி எனக் கொண்டாலே 80 நிமிடம் ஆகும். அதற்கு 80 கோடிக்கும் மிகுதியான பைட்டுகள் வேண்டும். நான்கு ஜி.பி. நினைவகம் கொண்ட கணினிக்கு இது பெருஞ்சுமை. அத்தகைய கணினிக்குச் சிறிய தொகுப்பே ஏற்றது.

நான்காவது, நம் இசைக்கு அது இசையுமா? விசைப்பலகையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு விசைகளே உள்ளன. கமகமோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது. மீண்டு என்னும் இந்துஸ்தானி இசை நுட்பமும் அத்தகையதே. 1983இல் வந்த மிடி முறையில், சுருதியை வளைக்க 16,384 படிநிலைகள் உள்ளன. ஒலியை எத்தனை சுரத் தொலைவு வளைக்கலாம் என்பதை நாமே அமைத்துக்கொள்ள இடந்தரும் சாம்ப்ளரே நம் இசைக்கு ஏற்றது. அவ்வசதி இல்லாவிடில், எத்துணை இனிய புல்லாங்குழல் பதிவும் படிக்கட்டில் இறங்குவது போலவே ஒலிக்கும்.

இலவசம் என்பதும் உரிமை என்பதும்

கட்டணமின்றிக் கிடைப்பது வேறு, விரும்பியவாறு பயன்படுத்தும் உரிமை வேறு. சில ஒலிமாதிரிகளை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம். சிலவற்றிற்குப் பதிவுசெய்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவுகளுக்கு வெளியான பின் 60 ஆண்டுகள் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே, திரைப்பாடலின் ஒரு துண்டை வெட்டி சாம்ப்ளரில் இட்டுத் தம் பாடலாக வெளியிடுதல் முறையன்று. விலையுள்ள மென்பொருளின் பூட்டை உடைத்த படிகளையும் தவிர்த்தல் வேண்டும். அவற்றுடன் தீங்கு செய்யும் நிரல்களும் கணினிக்குள் புகக்கூடும்.

எந்த உரிமத்தையும் நாடாமல் பயன்படுத்தத்தக்க ஒலிகளும் உண்டு. தம்ளரின் ஓசை, கதவின் கிறீச்சிடல், அம்மியின் அரைப்பு, மழைத்துளியின் தாளம் ஆகியவற்றை நாமே பதிவுசெய்தால் அப்பதிவு நம்முடையதே. பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவர், தாம் வாழ்ந்த ஒவ்வோர் ஊரின் ஒலியையும் இவ்வாறு சேர்த்து வைக்கலாம். ஊர் மாறினாலும், விசையை அழுத்தியதும் பழைய வீட்டின் ஒலி மீண்டும் எழும். நல்ல சாம்ப்ளரைத் தேர்வதன் பயன் இதுவே.

சொல்லும் பொருளும்

செருகுநிரல் – வேறொரு மென்பொருளுக்குள் பொருத்தத்தக்க சிறு மென்பொருள்
ஸ்தாயி – சுரங்களின் உயர்வு, தாழ்வு நிலை
உரிமம் – பயன்படுத்துவதற்கான ஒப்புதல்
கமகம் – சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் நுட்பம்

பயிற்சி

1. பதிவுசெய்த ஒலியின் வேகத்தை மாற்றினால் சுருதி எவ்வாறு மாறுகிறது?
2. 480 பதிவுகள் என்னும் கணக்கு எவ்வாறு கிடைத்தது? விளக்குக.
3. ‘கட்டணமின்றிக் கிடைப்பது வேறு, பயன்படுத்தும் உரிமை வேறு’ – இக்கூற்றை இரு சான்றுகளுடன் நிறுவுக.
4. உங்கள் வீட்டில் கேட்கும் ஐந்து ஒலிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் தாளத்துக்கு ஏற்றதைக் காரணத்துடன் எழுதுக.