முள் குத்தும் முன்னே

சாதாரண சைக்கிளில் பஞ்சரானால் என்ன செய்வீர்கள்? உருட்டிக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போவீர்கள். கடைக்காரர் டியூபை வெளியே இழுத்துக் காற்றடிப்பார். தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார். குமிழி வரும் இடத்தில் ஒட்டுப் போடுவார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

மின்சார சைக்கிளில் கதை வேறு. பாட்டரியும் மோட்டாரும் சேர்ந்து பல வண்டிகளின் எடை 20 கிலோவைத் தாண்டிவிடுகிறது. அவற்றில் பெரும்பாலும் மோட்டார் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் முதலில் மின்கம்பி இணைப்பைப் பிரிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது, அச்சு சுழலாமல் பிடித்துக்கொள்ளும் வாஷரைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். தவறினால் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் பதிலாக அச்சையே சுழற்றிக் கம்பியை முறுக்கி அறுத்துவிடும்! சரி, உருட்டியே வீடு போய்ச் சேரலாம் என்றாலோ, காற்றில்லாத டயருக்குள் டியூப் நழுவும். வால்வின் அடிப்பாகம் கிழியும். அந்தக் கிழிசலில் ஒட்டு நிற்காது.

ஆகவே பஞ்சர் வராமல் தடுப்பதே நல்லது. அதற்கு முள் எப்படி உள்ளே போகிறது என்று பார்ப்போம்.

நீண்ட கருவேல முள் ஒரே குத்தில் டியூபை எட்டிவிடக்கூடும். ஆனால் கண்ணாடிச் சில்லு, கம்பித் துண்டு, முறிந்த முள்முனை ஆகியவை பல சமயம் அப்படிச் செய்வதில்லை. முதலில் டயரின் மேற்பரப்பில் செருகிக்கொண்டு நிற்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் தரை அதை ஒரு தட்டு தட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 சுற்றுகள். அதாவது 480 தட்டுகள்! பள்ளி 3 கி.மீ. தொலைவில் இருந்தால், போய்வருவதற்குள் கிட்டத்தட்ட 2,900 தட்டுகள் விழுந்திருக்கும்.

மாலையில் வீடு திரும்பியதும் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். வண்டியை அணைத்துவிட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றி, டயர் முழுவதையும் பாருங்கள். செருகியிருப்பதை ஊக்கு முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை. என்னைக் கேட்டால், கடையில் விற்கும் எந்தப் பொருளையும்விட இதுவே மேலானது.

அடுத்தது காற்று. வண்டியும் நீங்களும் புத்தகப் பையும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் பின்சக்கரம் தாங்குவது 45 கிலோ என்க. டயரில் 45 பவுண்டு அழுத்தம் இருந்தால், அது சதுர செ.மீ.க்குச் சுமார் 3.2 கிலோ. 45ஐ 3.2ஆல் வகுத்தால் 14 சதுர செ.மீ. ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி அளவு இடம்தான் தரையில் பதிகிறது! அழுத்தம் பாதியானால் பதியும் இடம் இரு மடங்காகும். வழியிலுள்ள சில்லுகளும் அதிகமாக அகப்படும். அதோடு, பள்ளத்தில் இறங்கும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கும். டியூபில் இரண்டு ஓட்டைகள் பக்கம் பக்கமாக இருந்தால் பழி முள்ளின்மீது அல்ல, நம் சோம்பலின்மீது. ஓட்டையே இல்லாத டியூபிலும் ரப்பரின் வழியே காற்று மெல்லக் கசிவதுண்டு. எனவே வாரம் ஒருமுறை காற்றடியுங்கள். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

முள் மிகுந்த வழியில் போகிறவர்கள் டயருக்கு ஓர் உள்ளாடையும் போடலாம். பழைய டியூப் ஒன்றை எடுத்து, வால்வுப் பகுதியை வெட்டிவிடுங்கள். ரிம் பக்கமாக நீளவாட்டில் பிளந்தால் நீண்ட பட்டை கிடைக்கும். பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, காற்றை இறக்கி, டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் நெம்பி வெளியே எடுங்கள். பட்டைக்கு முனைகள் இருப்பதால் சக்கரத்தைக் கழற்றாமலே அதை உள்ளே செலுத்திவிடலாம். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு செ.மீ. படியவிடுங்கள். இல்லையேல் அந்த விளிம்பே டியூபை அராவி ஓட்டையாக்கும். மேலே சிறிது முகப்பவுடர் தூவினால் ஒட்டிக்கொள்ளாது. எடை சற்றுக் கூடும். பாட்டரியும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவமும் விற்கிறது. ஓட்டை வழியே காற்று வெளியேறும்போது திரவமும் அதிலுள்ள நார்த்துணுக்குகளும் அங்கே திரண்டு அடைத்துக்கொள்கின்றன. சிறு ஓட்டைக்கு இது போதும். நீண்ட கிழிசலுக்கு உதவாது. பல திரவங்கள் நாளாவட்டத்தில் உலர்ந்தும் போகின்றன.

இவ்வளவுக்கும் பிறகு பஞ்சரானால்? டியூபை எடுக்கும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரில் முள்ளும் கோட்டிலிருந்து அத்தனை சாண் தள்ளியே இருக்கும். பஞ்சை உள்ளே தடவினால் அது முள்ளில் மாட்டிக்கொள்ளும். முள்ளை எடுக்காமல் ஒட்டுப் போட்டு, மறுநாளே மீண்டும் கடைக்கு உருட்டிச் சென்றவர்களில் நானும் ஒருவன்.