கேம் ஆடும்போது மட்டும் ஏன் ஹேங் ஆகிறது?

யூடியூப், வேர்ட், பிரௌசர் எல்லாம் நாள் முழுக்கத் தடங்கலின்றி ஓடும். கேமைத் திறந்த அரை மணி நேரத்தில் திரை உறைந்துவிடும். கடையில் கேட்டால், "ஹீட் ஆகுது சார், கூலரை மாத்திடலாம்" என்பார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பார்க்காமலே சொன்ன பதில் அது.

முதலில் கம்ப்யூட்டர் எப்படி நின்றது என்று கவனியுங்கள். சூடு மட்டுமே காரணமென்றால் இன்றைய பிராசஸர் உறைந்து நிற்பது அபூர்வம். இன்டெல் கோர் வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அதைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்கித் திணறி ஓடும், ஆனால் ஓடும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் மெஷின் சட்டென அணைந்துவிடும். படம் அப்படியே நின்று, ஸ்பீக்கரில் ஒரே சத்தம் 'டர்ர்ர்' என்று சுற்றிக்கொண்டே இருந்தால் ரேம், கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். திரை கறுத்து, திரும்பி வரும்போது கேம் மூடியிருந்தால் அது டிஸ்ப்ளே டிரைவர் சமாசாரம். கிராபிக்ஸ் கார்டு 2 நொடி பதில் தராவிட்டால் விண்டோஸே டிரைவரை மறுபடி தொடங்கிவிடும்.

அடுத்து, அளக்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் வெப்பத்தையும் கேம் திரையின் மூலையிலேயே காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு வசதி உண்டு. திரை உறையும்போது அந்த எண்ணும் சேர்ந்தே உறைந்து நிற்கும். ரீசெட் பட்டனை அழுத்துவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

எண் எவ்வளவு என்பதைவிட அது எப்படி ஏறியது என்பதுதான் அதிகம் சொல்லும். கேம் தொடங்கிய சில நொடிகளிலேயே பிராசஸர் 45-லிருந்து 95-க்குத் தாவினால் கூலர் சிப்பில் சரியாக உட்காரவில்லை, அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. இருபது, முப்பது நிமிடம் மெல்ல மெல்ல ஏறினால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் இல்லை. இதை உறுதிசெய்யக் காசு செலவில்லாத வழி இருக்கிறது. கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து அதே கேமை ஆடுங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் காற்றுதான் குறை. இறங்கவே இல்லையென்றால் கூலரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களோடு பெட்டியில் வரும் கூலரில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின் இருக்கும். அதில் ஒன்று அரைகுறையாக இறங்கியிருப்பது மிகச் சாதாரணம். வெளியே பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். கூலரைக் கழற்றினால்தான் பேஸ்ட் ஒரு பக்கம் நசுங்கியும் மறுபக்கம் வைத்தபடியே தடிப்பாகவும் இருப்பது தெரியும். பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதிது வையுங்கள். எதிரெதிர் மூலைகளாக 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மதர்போர்டின் பின்புறம் நான்கு கால்களும் முழுசாக வெளியே வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

காற்றோட்டம்தான் குறையென்றால் பெரும்பாலும் தூசி. ஃபேன் இறக்கையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும். வினை அதற்குக் கீழே, அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கம்பளிபோல் படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரஷ்ஷாலும் புளோயராலும் எடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் கெடும். முன் ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறதா, பின் ஃபேன் வெளியே தள்ளுகிறதா என்று ஒரு காகிதத் துண்டைக் காட்டிப் பாருங்கள். மேசையின் மூடிய தடுப்புக்குள் கேபினெட்டை வைத்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது, வெளியே எடுங்கள். அறையின் சூடும் கணக்கில் சேரும். ஏசியில் 26 டிகிரியில் ஆடுவதற்கும் மே மாத மதியம் 38-ல் ஆடுவதற்கும் இடையிலான 12 டிகிரியும் கிட்டத்தட்ட அப்படியே சிப்பில் ஏறும். எந்தக் கூலரும் அறையைவிடக் குளிர்ச்சியாக்காது.

சூட்டைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. மானிட்டர் 60 ஹெர்ட்ஸாக இருக்கும்போது கேம் 140 ஃபிரேம் தள்ளுவதில் பயனில்லை. செட்டிங்ஸில் 60-க்குக் கட்டுப்படுத்தினாலே கிராபிக்ஸ் கார்டின் சூடு கண்கூடாகக் குறையும்.

உறைந்த நேரத்தில் எண்கள் 70-ஐக்கூடத் தாண்டவில்லை என்றால்? சூட்டை விட்டுவிடுங்கள். பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி ஆனாக இருந்தால் அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். ரேம் அந்த வேகத்தைத் தாங்காமல் உறைவது அடிக்கடி நடக்கும். பிறகு எஸ்எம்பிஎஸ். ஐ5-12400 பிராசஸர் மட்டுமே பேருக்கு 65 வாட், உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கும். அதோடு கிராபிக்ஸ் கார்டும் சேரும்போது மலிவான எஸ்எம்பிஎஸ் தடுமாறும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். மெஷின் முறையாக அணையவில்லை என்பதற்கு மேல் அது பெரிதாக எதையும் சொல்லாது.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கூடுதல் மின்னழுத்தத்தால் இந்தச் சிப்கள் மெல்லப் பழுதாகின்றன என்று 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. நிறைய நினைவகம் இருந்தும் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி கேம் மூடிக்கொள்வது இதன் பிரபலமான அறிகுறி. அந்த ஆகஸ்ட் முதல் பயாஸ் வழியாக வந்த திருத்தங்கள் பழுதைத் தடுக்கும், பழுதான சிப்பை மீட்காது. பயாஸைப் புதுப்பியுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் கூலருக்குச் செலவழிக்காதீர்கள். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்திருக்கிறது, பில்லைத் தேடி எடுங்கள்.