480 நாள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் ஒருவருடைய நிலையை அறிய, அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுப் பயனில்லை. அவர் பெயர் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரே ஷிப்டில், ஒரே லைனில், அடுத்தடுத்து நின்று ஒரே பாகத்தைப் பொருத்தும் இருவரில் ஒருவர் பர்மனென்ட், மற்றவர் காண்ட்ராக்ட் அல்லது டிரெய்னி. முன்னவருக்கு ஊதிய உயர்வு உண்டு, சங்கம் வைக்கும் துணிவு உண்டு, வங்கிப் படியேறி வீட்டுக்கடன் கேட்க முடியும். பின்னவருக்கு அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பதே தெரியாது. வர்க்கம் என்றால் முதலாளி ஒரு பக்கம், தொழிலாளி மறுபக்கம் என்று படித்திருக்கிறோம். அந்தக் கோடு அப்படியே இருக்க, தொழிலாளர்களுக்குள்ளேயே இன்னொரு கோடு விழுந்திருக்கிறது. அதை வரைவது பணி ஒப்பந்தத்தின் வகை. கைத்திறனுக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் இதற்கு 1981-லேயே ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களுக்குள் 480 நாள் பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. அதன் அடிப்படை நியாயமானது: இரண்டு ஆண்டுகள் விடாமல் தேவைப்பட்ட வேலையைத் தற்காலிகம் என்று எப்படிச் சொல்வது? ஆனால், உரிமைக்கு வாசலாக வைத்த அந்த எண்ணே, ஆளை எட்டவிடாமல் நிறுத்தும் வேலியாகவும் பயன்படக்கூடியது. எண்ணிக்கை நிறைவதற்குள் ஆளை மாற்றலாம், ஒப்பந்ததாரரை மாற்றலாம். 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின்கீழ் வருபவரோ ‘தொழிலாளி’ என்ற கணக்கிலேயே சேர்வதில்லை. ஒரு பணியில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்தாலும், அதில் இருந்தவர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில் 2000-ஆம் ஆண்டையொட்டி ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர், இன்று ஐந்தில் இருவர்.

சந்தை ஏறும், இறங்கும். எல்லோரையும் நிரந்தரமாக்கினால் ஆலை தாங்காது என்பார்கள். வெறும் சாக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2006-இல் இங்கே உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டபோது நிரந்தரத் தொழிலாளர்களும் வேலை இழந்தார்கள். ஆனால் இந்த வாதத்தையே கடைசிவரை கொண்டுபோய்ப் பார்ப்போம். நிச்சயமின்மை என்ற சுமையை ஒருவர் தலையில் ஏற்றினால், அதற்கு விலை கொடுக்க வேண்டாமா? ஆஸ்திரேலியாவில் விடுப்பும் பணிப் பாதுகாப்பும் இல்லாத தற்காலிக ஊழியருக்கு, அவற்றுக்கு ஈடாக 25 சதவீதம் கூடுதல் ஊதியம் தருவது வழக்கம். இங்கே சுமையை ஏற்பவருக்குத்தான் கூலி குறைவு. சந்தையின் ஏற்ற இறக்கம் இதற்குக் காரணமாகாது. கேட்க நாதியில்லை என்பதுதான் காரணம். நிரந்தரத் தொழிலாளர்களே சங்க உரிமை கேட்டு 2024-இல் இங்குள்ள சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான். ஒப்பந்தத்தில் இருப்பவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

ஊரில் நூறுநாள் வேலைக்குக் காத்திருப்பதைவிட இது மேல் அல்லவா என்பது இன்னொரு கேள்வி. மேல்தான். சொந்தக் கையில் சம்பளம் வாங்கும் முதல் தலைமுறைப் பெண்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த மாற்றத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அவர்கள் தங்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த பிறகுதான், சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. வரவேற்க வேண்டிய காரியம். படுக்கைகளை இவ்வளவு துல்லியமாக எண்ணும் அரசு, நிலமும் சலுகையும் பெறும் ஒவ்வோர் ஆலையிடமும் இன்னோர் எண்ணையும் கேட்டு ஆண்டுதோறும் வெளியிடலாம்: இந்த ஆண்டு 480 நாளைக் கடந்தவர்கள் எத்தனை பேர், அதற்குச் சில வாரம் முன்பு நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்?