வெளியே தெரியாத வருத்தம்

"கால் இல்லாத ஆளைக் கண்டால் பஸ்ஸிலை எழும்பி இடம் குடுக்கினம். எனக்கு நிக்கவே ஏலாத நாளிலையும் 'இளம் ஆள்தானே, நிண்டு வாவன்' எண்டு சொல்லுகினம்."

முல்லைத்தீவு மாவட்டத்தில் வசிக்கும் அந்தச் சகோதரி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். 2009இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் செட்டிகுளம் முகாமில் இருந்து, பின்னர் ஊர் திரும்பியவர். கச்சான் தோட்டங்களில் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர்.

ஊர் திரும்பிச் சில வருடங்களில் விடியற்காலைகளில் கைவிரல்கள் விறைக்கத் தொடங்கின. தேநீர்க் கோப்பையைப் பிடிக்க ஒரு மணித்தியாலம் செல்லும். காரணமில்லாமல் காய்ச்சல் வந்து போகும். தலைமயிர் கொட்டியது, வாயில் புண் வந்தது. வெயிலில் நின்ற நாட்களில் இரு கன்னங்களும் மூக்கின் மேற்பகுதியும் சிவந்து போயின. பனடோல் போட்டார், எண்ணெய் பூசினார். அயலவர்களும் உறவினர்களும் மட்டுமல்ல, மருந்து கொடுத்தவர்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நடந்ததை யோசிச்சு யோசிச்சுத்தான் இந்த வருத்தம்."

இப்படி நான்கு வருடங்கள் கழிந்தன. கால்கள் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போன பிறகுதான் பெரிய வைத்தியசாலைக்குப் போனார். சிறுநீரில் புரதம் வெளியேறுவது தெரிந்தது. குருதிப் பரிசோதனைகளின் பின் நோயின் பெயரும் தெரிந்தது. லூபஸ்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய எமது உடலின் பாதுகாப்புச் சக்தி, வழிதவறி எமது உடலையே தாக்குவதுதான் இந்நோய். மூட்டு, தோல், குருதி, இருதயம், நுரையீரல், மூளை என எதையும் அது தொடலாம். சிறுநீரகத்தைத் தாக்குவது மிக ஆபத்தானது, ஏனெனில் அங்கே நோவு இராது. இந்நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில்தான் ஆரம்பிக்கிறது. இது தொற்றாது. செய்வினையும் அல்ல.

"யோசிக்காதை, எல்லாம் சரிவரும்" என்று நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்பினால்தான் சொன்னேன். ஆனால் எமது பெண்களுக்கு வரும் எல்லா நோவையும் யுத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டால், தேட வேண்டிய நோயைத் தேடாமல் விட்டுவிடுகிறோம். துக்கமும் உண்மை, வருத்தமும் உண்மை. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். மனச்சோர்வும் சிகிச்சை பெற வேண்டிய நோய்தான். அதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துடன் பேசலாம். ஆனால் "யோசினை" என்று முடிவு கட்டுவதற்கு முன்னர் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் குருதிப் பரிசோதனையும் செய்யும்படி கேட்பது எமது உரிமை.

கேட்கும் விதமும் முக்கியம். "உடம்பெல்லாம் நோகுது" என்றால் பனடோல்தான் கிடைக்கும். எந்த மூட்டு, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, எந்தெந்தத் திகதியில் காய்ச்சல் என்பதைப் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டு போங்கள். கன்னம் சிவந்த நாளில் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் நாளில் அது மறைந்திருக்கும்.

லூபஸை அடியோடு மாற்ற மருந்து இல்லை, ஆனால் கட்டுப்படுத்தலாம். முதலில் மலேரியாவுக்குப் பயன்பட்ட ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற குளிசை இதற்கு முக்கியமான மருந்து. சுகமாக இருக்கும் நாளிலும் அதை எடுக்க வேண்டும். வைத்தியர் சொல்லும் காலத்தில் கண்ணையும் பரிசோதிக்க வேண்டும். பிரெட்னிசொலோன் குளிசையை ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது. அது முகத்தை ஊதச் செய்யும். "நல்லாக் கொழுத்திட்டாய், இனி என்ன வருத்தம்?" என்று அப்போதும் கேட்பார்கள்! கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடமும் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் சொல்ல வேண்டும், ஏனெனில் சில மருந்துகள் கருவுக்குக் கூடாதவை. வெயில் இந்நோயைக் கிளப்பிவிடும். நீண்ட கைச்சட்டை, தொப்பி, குடை தேவை. கூலிக்குப் போகிறவர் வெயிலுக்கு எங்கே ஒளிப்பது என்று கேட்பீர்கள். அந்தச் சகோதரி இப்போது கச்சான் பிடுங்கப் போவதில்லை, நிழலில் இருந்து உடைத்துக் கொடுக்கிறார். கூலி குறைவுதான்.

அவரது பெரிய கஷ்டம் மாமியாருக்கு விளங்க வைப்பதாக இருந்தது. லூபஸ் நோயாளியான அமெரிக்கப் பெண் கிறிஸ்டீன் மிசராண்டினோ, தன் சிநேகிதிக்குக் கரண்டிகளைக் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கித் தன் பலம் தீர்வதைக் காட்டியதை 2003இல் எழுதினார். அதைக் கிளினிக்கில் ஒரு தாதி சொல்லக் கேட்ட சகோதரி, வீட்டில் பத்துக் கச்சானை மாமியின் கையில் வைத்தார். "மாமி, இதுதான் எனக்கு இண்டைக்கு உள்ள பலம்." எழும்பி முகம் கழுவ ஒன்று. தண்ணீர் அள்ள இரண்டு. சமைக்க மூன்று. உடுப்புத் தோய்க்க மூன்று. பஸ்ஸுக்கு நடக்க ஒன்று. கை வெறுமையானபோது நேரம் பத்து மணிதான். மாமி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தண்ணீர்க் குடம் நிறைந்திருந்தது.

கிளினிக் வரிசையில் அதே நோயுள்ள இன்னும் இரண்டு பெண்களைக் கண்டுபிடித்தார். மூவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எந்தப் பாமசியில் குளிசை இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டார்கள். உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இப்படியான வருத்தம் உள்ளவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கையை உயர்த்தத் தயங்குபவர் ஒருவராவது இருப்பார்.

பஸ்ஸில் இப்போது இடம் கிடைக்கிறதா என்று கேட்டேன். கிளினிக் கொப்பியை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு ஏறுகிறாராம்.

"சிலர் எழும்புகினம். சிலர் ஜன்னலுக்கு வெளியாலை பாக்கினம்."