ஆட்டி நடும் தூண்

தருக்க நூலாரும் உரையாசிரியரும் எடுத்தாளும் நியாயங்களுள் தூணா நிகனன நியாயம் என்பது ஒன்று. தூண் நடுவோன், குழியில் அதனை நிறுத்தி மண்ணிட்டு இடித்தபின், தானே இரு கைகளாலும் பற்றி அசைத்துப் பார்ப்பான். அசைந்தால் மீண்டும் மண்ணிட்டு இடிப்பான், மீண்டும் அசைப்பான். ஒரு கொள்கையை நிலைநாட்டப் புகும் ஆசிரியர், எதிரி கூறக்கூடிய தடைகளையெல்லாம் தாமே எழுப்பி விடை கூறிச் செல்வதற்கு இதனை உவமை காட்டுவர். பண்டித வகுப்பிலே இந்நியாயத்தைப் பல ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லி வருகின்றேன். கணினி மென்பொருள் வல்லார் இக்காலத்தே இதனையே தொழில்முறையாகக் கைக்கொண்டிருக்கிறார்கள் என்பதை, அத்துறையிற் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் சொல்லவே அறிந்தேன். அவர் தந்த கட்டுரைகளையும் அறிக்கைகளையும் படித்து விளங்கிக்கொண்டவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

அமெரிக்காவிலுள்ள நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் முன்னாளிலே திரைப்பட இறுவட்டுக்களை அஞ்சல் மூலம் வாடகைக்கு அனுப்பி வந்தது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அதன் தரவுத்தளம் பழுதுற்றமையால் மூன்று நாள்களாக இறுவட்டு எதனையும் அனுப்ப இயலாது போயிற்று. மாளிகை முழுவதையும் ஒரே தூணில் ஏற்றி வைத்ததன் பயன் அது. அதன்பின் அந்நிறுவனத்தார் தம் வேலைகளை அமேசன் நிறுவனம் வாடகைக்கு விடும் சேவையகங்களுக்கு மாற்றத் தொடங்கினர். பலருடைய வேண்டுகோள்களை ஏற்று விடையளிக்கும் கணினியே சேவையகம். புதிய ஏற்பாட்டில் அவை மிகப் பல. அவற்றுள் எதுவும் எந்நேரத்திலும் நின்றுபோகலாம். ஒன்று நின்றால் அதன் வேலையை மற்றொன்று ஏற்கும்படி மென்பொருளை எழுதவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எழுதியாயிற்று என்றே எல்லாருஞ் சொல்வர். எழுதியது வேளைக்கு உதவுமா என்பதை எங்ஙனம் அறிவது?

இதற்காக அவர்கள் ஒரு சிறு நிரலை இயற்றிக் 'கேயாஸ் மங்கி' எனப் பெயரிட்டனர். 'குழப்பக் குரங்கு' என்று நாம் வழங்கலாம். ஆயுதந் தாங்கிய காட்டுக் குரங்கொன்று கணினிக் கூடத்தினுட் புகுந்து, கண்ட பொறியை உடைத்துக் கம்பிகளைக் கடித்தால் எப்படியோ, அப்படி இந்நிரல் சேவையகங்களுள் ஒன்றைத் தன் விருப்பம்போலத் தெரிந்து நிறுத்திவிடும். (அசோகவனத்தை அழித்த அனுமனுக்கும் உள்நோக்கம் ஒன்று இருந்ததன்றோ!) பரிசோதனைக் கூடத்திலன்றி, மக்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும் உண்மைத் தொகுதியிலேயே அது நிறுத்தும். இதனைப்பற்றி 2011இல் அந்நிறுவனத்தார் விரிவாக எழுதினர். 2012இல் நிரலையே யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்டனர். அமேசன் நிறுவனத்திலோ, தீயணைப்புப் பயிற்சி பெற்ற ஜெசி றொபின்ஸ் என்பார் இதற்கு முன்னரே இத்தகைய ஒத்திகைகளை நடத்தியிருக்கின்றார்.

அற்றேல், ஓடுகின்ற வண்டியின் அச்சாணியை ஓட்டுபவனே பிடுங்குதல் அறிவுடைமையாகுமோ எனின், கூறுதும். அச்சாணி கழலுமா கழலாதா என்பது இங்கே வினாவன்று. பல்லாயிரம் அச்சாணிகள் உள்ள வண்டியில் ஏதேனும் ஒன்று கழன்றே தீரும். நள்ளிரவிலே, அறிந்தவர் உறங்கும் வேளையிலே கழல்வதா, பகலிலே, அறிந்தவர் அருகில் நிற்கையிலே கழல்வதா என்பதே வினா. அதனாலேதான் குழப்பக் குரங்கை வேலை நாள்களிலே, அலுவலக நேரத்திலே மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். இம்முறைக்கு வேறு ஒழுங்குகளும் உள. தொகுதி நலமாக இருக்கின்றது என்பதற்கு அடையாளம் யாது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். இன்ன பகுதி நின்றாலும் அவ்வடையாளம் மாறாது என மேற்கோள் கொள்ளல் வேண்டும். பின்னரே அப்பகுதியை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். சேதம் பரவாதபடி சிற்றளவிலே தொடங்குவதும், தீங்கு மிகுமாயின் உடனே கைவிடுவதும் இன்றியமையாதன. இவையின்றிப் பொறியை நிறுத்துபவன் செய்வது வெறுங் குறும்பே.

குரங்குக்குப் பின் அந்நிறுவனத்தார் பெருங்குரங்குகளையும் படைத்தனர். அவற்றுள் 'கேயாஸ் கொங்' என்பது ஒரு பிரதேசத்துச் சேவையகங்கள் யாவும் ஒருங்கே இழக்கப்பட்டாற்போல ஒத்திகை நடத்துவது. 2015 செப்டெம்பர் 20ஆம் திகதி அமெரிக்காவின் கிழக்குப் பிரதேசத்திலே அமேசனின் சேவைகள் பல உண்மையாகவே தடைப்பட்டன. அன்று நெற்ஃபிளிக்ஸ் சிறிது தள்ளாடிப் பெருஞ் சேதமின்றித் தப்பியது. பிற பிரதேசங்களுக்கு வேலையை மாற்றும் ஒத்திகை முன்னரே பழகியிருந்தது.

மென்பொருளிலே பிழை எங்கே ஒளிந்திருக்கின்றது என்பதற்கு ரொறொன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று நல்ல சான்று. பெருந்தரவுத் தொகுதிகள் ஐந்திலே நேர்ந்த 198 பழுதுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். தொகுதியையே வீழ்த்திய பெருங்கேடுகளுள் நூற்றுக்கு 92, சிறு வழு நேர்ந்தபோது அதனைச் சமாளிப்பதற்கென எழுதிய பகுதியே தவறாக இருந்தமையால் விளைந்தவை. வழு நேர்ந்ததென மென்பொருள் முறையாக அறிவித்தேயிருந்தது. அறிவித்ததைக் கேட்டவன்தான் தவறினான். சிலவிடங்களில் அப்பகுதி வெறுமையாகவே கிடந்ததாம். வேறு சிலவிடங்களிற் 'பின்னர்ச் செய்யவேண்டும்' என்ற குறிப்பு மட்டும் இருந்ததாம்! விடைத்தாளிலே கடினமான வினாவுக்கு இடம் விட்டுச் செல்லும் மாணவரை நான் நன்கறிவேன். மணி அடிக்கும்வரை அவ்விடம் வெறுமையாகவே கிடக்கும். வழக்கமாக நடக்கும் வழியை நாள்தோறும் ஆயிரம் பேர் நடந்து செப்பஞ் செய்துவிடுகின்றனர். ஆபத்துக்கென வெட்டிய புறவழியிலோ எவரும் நடப்பதில்லை. அங்கே முள் முளைப்பதை எவருங் காண்பதுமில்லை.

கிற்லாப் என்னும் நிறுவனத்துக்கு 2017 சனவரி 31ஆம் திகதி நேர்ந்தது இவ்வகையானது. பொறியியலாளர் ஒருவர், துணைச் சேவையகம் என்றெண்ணி முதன்மைச் சேவையகத்தின் தரவை அழிக்கக் கட்டளையிட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும் பயனில்லை. ஏறத்தாழ 300 ஜிகாபைற் தரவு போய்விட்டது. காப்புப்பிரதிகள் இருக்கின்றனவே என்று தேடினர். நாள்தோறும் பிரதி எடுக்கவேண்டிய நிரல், தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாத பழைய பதிப்பாக இருந்தமையால், நெடுநாளாகப் பிரதி எதனையும் எடுத்திருக்கவில்லை. பிழை நேர்ந்ததென அது அனுப்பிய மின்னஞ்சல்களை அஞ்சல் தொகுதி ஏற்க மறுத்துவிட்டதால் அவை எவர் கண்ணிலும் படவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த ஒரு பிரதியே ஈற்றில் அவர்களைக் காத்தது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு மீளவில்லை. நடந்தவற்றையெல்லாம் மறையாது அவர்கள் வெளியிட்ட அறிக்கை, படிப்போர்க்கு ஒரு பாடநூல்.

நம் நாட்டுச் செய்தியொன்றும் உண்டு. 2023இல் இலங்கை அரசாங்கத்தின் முகிற் கணினித் தொகுதி, மீட்புப் பணங் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டது. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க இயலாதவாறு அழிந்தன; அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. தொகுதியோடு இணைந்தேயிருந்த காப்புப்பிரதியும் உடன்பூட்டுண்டது. அக்காலப் பகுதிக்குப் புறம்பாக வைத்த பிரதி இருக்கவில்லை. நம் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளும், நோயாளரின் பதிவுகளும், ஓய்வூதியக் கணக்குகளும் கணினிக்குட் சென்றுகொண்டிருக்கின்றன. காப்புப்பிரதி இருக்கின்றதா என்று கேட்டால், இருக்கின்றது என்றே அலுவலர் விடையிறுப்பார். அதிலிருந்து ஒருமுறையேனும் மீட்டெடுத்துப் பார்த்தீர்களா, எந்த நாளிலே பார்த்தீர்கள் என்று கேட்டல் வேண்டும். இவ்வினாவைக் கேட்கக் கணினி அறிவு வேண்டுவதில்லை.

இனி இம்முறையின் எல்லையையுஞ் சொல்லிவிடல் வேண்டும். தூணை அசைப்பவன் தனக்குத் தோன்றிய திசையிலேதான் அசைப்பான். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் ஆகியன ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் ஓய்ந்தன. பராமரிப்பு வேலையின்போது இட்ட கட்டளையொன்று அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் வலையமைப்பு முழுவதையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுப்பதற்கென்றே அமைந்த கருவியிலும் வழு ஒன்று இருந்தது. பழுது பார்க்குங் கருவிகளும் அவ்வலையமைப்பையே நம்பியிருந்தமையாற் பொறியியலாளர் தரவு நிலையங்களுக்கு நேரிற் செல்ல வேண்டியதாயிற்று. சென்றபோதும், பிறர் எளிதிற் புகாதபடி அமைத்த காவல் அவர்களையே தாமதிக்கச் செய்தது. இத்தனைக்கும் அவர்கள் 'புயல்' என்னும் பெயரிலே ஒத்திகைகளை நெடுங்காலமாக நடத்தி வந்தவர்களே. ஒரு சேவையை, ஒரு தரவு நிலையத்தை, ஒரு பிரதேசம் முழுவதையுமே நிறுத்திப் பழகியிருந்தார்கள். மின்சுமை ஏககாலத்தில் ஏறிவிடாதபடி சேவைகளைச் சிறிது சிறிதாக எழுப்புவதற்கு அப்பழக்கம் அன்று பெரிதும் உதவியது. இணைக்கும் வலையமைப்பே உலகெங்கும் அற்றுப்போவதாக மட்டும் ஒருமுறையும் ஒத்திகை பார்த்ததில்லை எனத் தம் அறிக்கையிலே ஒப்பி, இனி அதற்கும் வழி தேடுவோம் என்று எழுதியிருக்கின்றார்கள்.